பங்கு என்ற ஒரு சொல்

போன அக்டோபரில் அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். 30-ஆம் தேதி உலக சிக்கன நாள். தலைப்பு, 'சிறுதுளி பெருவெள்ளம்'. நான் படித்த காலத்திலும் இதே நாள், இதே தலைப்புதான். சஞ்சாயிகா பாஸ்புக்கில் டீச்சர் எட்டணா வரவு வைத்துக் கையெழுத்துப் போடுவார். வருஷக் கடைசியில் அந்தப் பணத்தை அம்மா வாங்கிக்கொள்வாள். சேமிப்பு பற்றி நான் கற்றது அவ்வளவுதான்.

கட்டுரைக்கு உதவுவதாக நினைத்து, செய்தித்தாளில் பங்குச் சந்தை பற்றி வந்திருந்ததை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தி அவள் கேட்டாள்: "பங்குன்னா நம்ம பங்குதானத்தை? அங்க எதுக்குச் சந்தை போடுதாவ?"

தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பத்து வயதுப் பிள்ளைக்குப் பங்கு என்றால் கோயில். பங்குச் சாமியார், பங்குப் பேரவை, பங்குத் திருவிழா. எங்கள் தாத்தாவுக்கு அதே சொல் வேறொன்று. வல்லத்தில் போய்வந்தவர் அவர். மீன் ஏலம் போனபிறகு வல்லத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்களே, அதுதான் பங்கு. செய்தித்தாள்காரருக்கு அது கம்பெனியின் ஒரு துண்டு. மூன்றும் ஒரே சொல். அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் முழித்தபோதுதான், இந்தச் சொல்லை நான் எங்கேயும் ஒழுங்காகப் படித்ததில்லை என்று உறைத்தது. இருபது வருஷமாக நாவல் வாசிக்கிறேன், நாவல்களைப் பற்றி எழுதவும் செய்கிறேன். ஆனால் பணம் வரும் பக்கங்களை நான் எப்போதும் வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்தப் பக்கங்களுக்குத் திரும்பிப் போகும் முயற்சி.

*

அண்ணனிடம் இதற்குத் தயாராக ஒரு விடை இருந்தது. ராபர்ட் கியோசாகியின் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை'. ஆங்கிலத்தில் 1997-இல் வந்து, இன்று தமிழ் மொழிபெயர்ப்பில் ரயில் நிலையக் கடை வரை கிடைக்கும் புத்தகம். "நாவலெல்லாம் அப்புறம் குடு. முதல்ல இதப் படிச்சுச் சொல்லு அவளுக்கு" என்றான். இளக்காரத்தோடுதான் எடுத்தேன். ஆனால் அந்த இளக்காரம் நியாயமில்லை. சொத்து என்பது உன் பைக்குள் பணம் கொண்டுவருவது, கடன்சுமை என்பது பையிலிருந்து எடுத்துக்கொண்டு போவது என்ற அதன் எளிய பிரிப்பு எங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால் சில விஷயங்கள் நடந்திருக்காது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கதை வரும். ஒன்பது வயதுப் பையன்கள் இரண்டு பேர், கடையில் தூக்கிப்போடும் பழைய காமிக்ஸ் புத்தகங்களைச் சேர்த்து ஒரு படிப்பகம் நடத்துகிறார்கள். தெருப்பிள்ளைகள் பத்து சென்ட் கொடுத்து இரண்டு மணிநேரம் வாசிக்கலாம். வாரத்துக்குச் சராசரியாக 9.50 டாலர் வருகிறது. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்வது அதில் ஒரு பையனின் தங்கை. அவளுக்கு வாரம் 1 டாலர். காமிக்ஸை இலவசமாகப் படிக்கலாம் என்ற சலுகையும் உண்டு. அவள் பாடப் புத்தகம் படிப்பதில் மும்முரமாக இருப்பதால் அதையும் பயன்படுத்துவதில்லை.

நாம் வேலை செய்யாமலே பணம் நமக்காக வேலை செய்வதற்கான முதல் பாடமாக இது சொல்லப்படுகிறது. வாசித்துக் காட்டியபோது அண்ணன் மகள் கேட்டது ஒன்றுதான். "அந்தத் தங்கச்சிதான உக்காந்து பாத்துக்கிட்டா? அவளுக்கு ஏன் ஒரு டாலர்?"

பணம் வேலை செய்யவில்லை, அந்தத் தங்கை வேலை செய்தாள். உலகமெங்கும் இலட்சக்கணக்கான பேர் படித்துப் பாராட்டிய அந்தப் பக்கத்தில் அவளுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. அந்தப் புத்தகம் கணக்குப் போடச் சொல்லித் தருகிறது. யாருடைய கணக்கு என்று கேட்கச் சொல்லித் தருவதில்லை. அதன் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான்.

*

சரி, நம்முடைய இலக்கியம் என்ன சொல்லித் தருகிறது?

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-இல் புத்தகமாக வந்தது. மணப்பாட்டைக் களமாகக் கொண்ட சின்ன நாவல். எங்கள் கடற்கரையைப் பற்றி நான் முதலில் வாசித்தது அதைத்தான். அப்பாவின் அலமாரியிலிருந்து எடுத்தேன். குரூஸ் மிக்கேலுக்கு ஒரு வல்லம் இருக்கிறது. மகன் செபஸ்தி பள்ளிக்கூட வாத்தியார். வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். குரூஸ் மிக்கேலுக்கு மனசு வரவில்லை. இன்னொரு பக்கம் விசைப்படகுகள் வந்து வல்லக்காரர்களின் வயிற்றில் அடிக்கின்றன. நடுவில் மகள் பிலோமியின் காதலும் அந்தக் காதல் முறிவதும்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிலோமியைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். அவளுடைய மன்னிப்பு, அந்த ஈரம். செபஸ்தி நமக்குப் பிடிக்காத ஆள். அப்பனின் உயிரான வல்லத்துக்கு விலை பேசுகிறவன். கல்லூரிக் காலத்தில் அவன்மீது எனக்கு இருந்தது வெறும் எரிச்சல்.

இந்தமுறை மறுபடி வாசித்தபோது அவன் பக்கத்திலிருந்தும் பார்க்க முடிந்தது. செபஸ்தி மாதச் சம்பளக்காரன். ஒன்றாம் தேதி என்று ஒரு நாள் அவனுக்கு உண்டு. அவன் அப்பாவுக்கு அப்படி ஒரு நாளே கிடையாது. ஒரு நாள் வல்லம் நிறைய வரும், பிறகு பத்து நாள் வெறும் வலை. வரவு சின்னதாக இருந்தாலும் கேடில்லை, செலவு அதைவிட அகலமாகப் போகாதவரை, என்று வள்ளுவர் வாய்க்கால் கணக்குச் சொல்கிறார். அது வாய்க்காலுக்குச் சரி. கடலில் வரவுக்கு அளவேது? வாய்க்காலில் நிற்கிற மகனும் கடலில் நிற்கிற அப்பாவும் பணத்தைப் பற்றிப் பேசும்போது ஒரே சொல்லை வைத்து இரண்டு விஷயம் பேசுகிறார்கள். மகனுக்கு வல்லம் ஒரு தொகை. அப்பாவுக்கு அது அடுத்த நாள்.

வண்ணநிலவன் இருவரையும் அன்போடுதான் பார்க்கிறார். வாசகர்களாகிய நாம்தான் அப்பாவின் துயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மகனின் கணக்கை அற்பம் என்று தள்ளிவிட்டோம். கணக்குப் பார்க்கிறவன் கெட்டவன், கணக்குப் பார்க்காதவன் நல்லவன். தமிழ் வாசகனுக்குள் இந்தச் சமன்பாடு ஆழமாகக் கிடக்கிறது. எனக்குள்ளும்தான்.

அது எங்கிருந்து எனக்கு வந்தது என்றும் தெரியும். அப்பாவிடமிருந்து.

*

அப்பா துறைமுகத்தில் ஒரு ஏஜென்சியில் எழுத்தர். வல்லத்திலிருந்து மேசைக்கு வந்த முதல் தலைமுறை. நல்ல வாசகர். வீட்டில் பணத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுளிப்பார். "சின்னப் புள்ளைய முன்னால என்ன துட்டுப் பேச்சு?" என்பார். நாங்கள் எழுந்து வெளியே போய்விடுவோம்.

1996-இல் தெருவில் பலரும் போட்டார்கள் என்று ஒரு நிதி நிறுவனத்தில் பணம் போட்டார். வருஷத்துக்கு 30 சதவீதம் வட்டி. வங்கிகள் அன்று அதில் பாதிகூடத் தரவில்லை. ஏழெட்டு மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு நாள் கதவு பூட்டிக் கிடந்தது. அந்த வருஷங்களில் தமிழ்நாடு முழுக்க இப்படி நிறுவனங்கள் மூடிக்கொண்டு போய், கடைசியில் 1997-இல் முதலீட்டாளர்களைப் பாதுகாக்க மாநில அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அப்பாவுக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.

முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைத்தாளில் சரக்குக் கணக்கு எழுதினால் ஒரு புள்ளி பிசகாத மனிதர். ஆனால் 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருஷத்தில் இரண்டு மடங்காகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும் என்ற சின்னக் கணக்கை அவருக்கு யாரும் சொன்னதில்லை. 30 சதவீதம் என்றால் இரண்டரை வருஷத்துக்குள் இரட்டிப்பு. இரண்டரை வருஷத்தில் இரட்டிக்கிற தொழில் இந்த ஊரில் எது, உப்பா, மீனா, கப்பலா என்று அவர் கேட்டுப் பார்த்திருந்தால் போதும். கேட்பது கௌரவக் குறைவு என்று நினைத்தார். அவர் படித்த இலக்கியமும் அப்படித்தானே அவருக்குச் சொல்லியிருந்தது?

*

ஆனால் அதே கடற்கரைக்குக் கேட்கத் தெரியும். அப்பா மறந்த இடம் அது.

முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது காவியச் சங்கதி, கொற்கை முத்து, பாண்டியர் பெருமை. எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் ஹார்னெலும் எழுதிவைத்த குறிப்புகளில் அது முழுக்க முழுக்கப் பங்குக் கணக்கு. ஆங்கில அரசின் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசுப் பங்கை ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று ஏலம் எடுப்பவருக்கும் தெரியாது, விடுபவருக்கும் தெரியாது. குளித்தவர் தன் பங்கைக் கரையிலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம், அல்லது திறந்து பார்க்கலாம். இன்றைய பங்குச் சந்தைக்காரர்கள் 'ரிஸ்க்' என்று சொல்வதை மணலில் உட்கார்ந்து முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. குளிக்கிறவர் கல்லோடு கீழே போவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும், ஒரு நொடி தாமதித்தால் உயிர் போகும். அதனால் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள், தன் உடன்பிறந்தாளை விதவையாக்க மாட்டான் என்ற நம்பிக்கை, என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அந்தக் கயிறு பிடித்தவருக்கும் சிப்பியில் பங்கு உண்டு. அவர் தண்ணீரில் கால் நனைக்கவில்லை என்று யாரும் வாதாடவில்லை.

காமிக்ஸ் படிப்பகத்தின் தங்கையை இங்கே நினைத்துக்கொண்டேன்.

இதை ஒரு பொற்காலமாக்க விரும்பவில்லை. மூச்சடக்கிப் போனவர்களுக்கு மூன்றில் ஒன்று, கரையில் குடை பிடித்து நின்ற அரசுக்கு மூன்றில் இரண்டு. இதில் என்ன நியாயம்? அந்தக் கேள்வியையும் பிள்ளைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் கேள்வியே பங்கு தெரிந்தால்தான் வரும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. பிறகு அந்தக் கணக்கும் பேச்சிலிருந்து போய்விட்டது.

*

அதே 1961-இல்தான் பி.ஆர். பந்துலுவின் 'கப்பலோட்டிய தமிழன்' வந்தது. சிவாஜி நடித்தது, ம.பொ.சி.யின் நூலை அடியொற்றியது. எங்கள் தலைமுறைக்கு வ.உ.சி. என்றால் அந்தப் படம்தான். ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் தொலைக்காட்சியில் பார்ப்போம். எனக்கு நினைவில் நிற்பது செக்கு. என் வகுப்பில் யாரைக் கேட்டாலும் செக்குதான். பாடப்புத்தகத்திலும் அப்படியே: கப்பல் வாங்கினார், சிறை போனார், செக்கிழுத்தார், ஏழையாகச் செத்தார்.

கப்பலை எப்படி வாங்கினார் என்று யாரும் சொல்லித் தரவில்லை. 1906 அக்டோபர் 16-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார். இந்தக் கணக்கை அண்ணன் மகளிடம் கொடுத்தேன். 40,000-ஐ 25-ஆல் பெருக்கிப் பார்த்தாள். 8,000 என்பது ஐந்தில் ஒன்று என்று அவளே கண்டுபிடித்தாள். "அப்ப கப்பல்ல அஞ்சுல ஒரு பங்கு அவுகளுக்கா?" என்றாள். ஒரு கம்பெனி என்றால் என்னவென்று அவளுக்குப் புரிந்த நேரம் அது. நான் ஒன்றும் விளக்கவில்லை.

அடுத்தது விலைப்போர். வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏறு, ஒரு குடையும் தருகிறேன் என்றது என்பார்கள். பெரிய முதலாளி நஷ்டத்துக்கு விற்பது தயவு அல்ல, எதிராளியின் மூச்சு முட்டும்வரை தண்ணீருக்குள் அமுக்குவது. இன்று செல்போனில் இலவசமாக வருகிற ஒவ்வொன்றையும் இறக்குவதற்கு முன்னால் பிள்ளைகள் அந்தக் குடையை நினைத்துக்கொள்ளலாம். 1908-இல் வ.உ.சி. கைதானார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதே 1908-இல், கைதாவதற்குச் சில நாள் முன்புவரை, கோரல் மில் தொழிலாளர்களின் கூலி உயர்வு வேலைநிறுத்தத்தை நடத்தி வெற்றிபெற வைத்தவரும் அவரே. பங்கு விற்ற அதே மனிதர் கூலிக்காகவும் நின்றார். அவருக்கு இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். கியோசாகிக்குத் தெரியாத பக்கம் அது.

இன்னொரு சின்ன விஷயம். இதைப் படத்தில் வைத்திருக்கலாம் என்று எனக்கு ஆசை. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் வ.உ.சி.க்காகச் சேர்த்த பணம் காந்தியின் வழியாக வர வேண்டியிருந்தது. 1915-இல் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. சிறையிலிருந்து வந்து வறுமையில் இருந்த வ.உ.சி., பெருந்தன்மை காட்டி வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. தன் நிலைமையில் அந்தப் பணம் தேவையில்லை என்று சொல்ல முடியாது என்பதை நேர்மையாக எழுதுகிறார், மறுபடி மறுபடி நினைவூட்டுகிறார். 1916-இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்கிறது.

எல்லாவற்றையும் கொடுத்த மனிதர் தனக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்கினார். கேட்பதால் அவர் சின்னவராகிவிடவில்லை. செக்கிழுத்த காட்சி எனக்குத் தியாகத்தைக் கற்பித்தது. இந்த 12 அணா கற்பித்திருக்கக்கூடியதை எங்கள் அப்பா தெரிந்துகொண்டிருந்தால்?

தமிழ்ப் பொதுமனம் வ.உ.சி.யின் வாழ்க்கையிலிருந்து கணக்கைக் கழித்துவிட்டுத் தியாகத்தை மட்டும் வைத்துக்கொண்டது. 'கடல்புரத்தில்' நாவலிலிருந்து செபஸ்தியைக் கழித்துவிட்டுப் பிலோமியை மட்டும் வைத்துக்கொண்டது போலவேதான். அப்படி நாம் காலியாக விட்ட இடத்தில்தான் கியோசாகி வந்து உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? நம் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றிய ஒரு கதை தேவைப்பட்டது. நாம் கொடுக்கவில்லை, அவர் கொடுத்தார்.

*

சிக்கன நாள் கட்டுரையை அவள் எழுதினாள். சிறுதுளி பெருவெள்ளம் என்றே தொடங்கினாள், வேறு வழியில்லை. பிறகு மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி எழுதினாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீனவர் 1,500 ரூபாய் சேமித்தால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ரூபாயாகத் தருகிற திட்டம் இருக்கிறது. 4,500-ஐ 61-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 74 ரூபாய்கூட இல்லை என்று அவளாகவே கீழே எழுதியிருந்தாள். டீச்சர் அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்திருந்தார். பாராட்டா, கண்டிப்பா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நோட்டில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்குக் கணக்குப் போட உட்கார்ந்தாள். யார் சம்பாதிக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள், யார் கயிறு பிடிக்கிறார்கள் என்று. அவளுக்கு எங்கேயோ கேட்ட ஞாபகம், சட்டென்று கேட்டாள்: "தாத்தா ஒரு கம்பெனில துட்டப் போட்டு ஏமாந்தாவளே, அதுல யார் பங்கு எவ்வளவு?"

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்பா இறந்து ஒன்பது வருஷம். அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததே இல்லை. எழுந்து வெளியே போகலாமா என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது, பழைய பழக்கம்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எழுதிக்கோட்டி. மொத்தம் நாப்பதாயிரம். அதுல பதினேழாயிரம் என் செயினு."

எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. செயின் திருட்டுப் போனதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"நீ கேக்கலியாம்மா?" என்றேன்.

"யார்ட்ட கேக்க? துட்டுப் பேச்சு பேசக் கூடாதுல்லா."

அண்ணன் மகள் நோட்டில் 40,000 என்று எழுதி, அதன் கீழே 17,000 என்று எழுதி, பக்கத்தில் 'ஆச்சி' என்று போட்டாள்.